ஆட்டமிழக்காதவர்களின் கணக்கு

6, 6, 6, 6+, 7, 9+, 10, 10+, 11+, 13, 16, 17+, 19+, 20+, 22, 23, 25+, 32+, 32+, 34+, 35+.

மொத்தம் இருபத்தொரு எண்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நோயாளி, பெரும்பாலும் ஒரு குழந்தை. உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு படித்தவர்கள் இந்த வரிசையை எங்காவது பார்த்திருப்பார்கள். பாடநூலுக்குப் பாடநூல் தாவி, இப்போது மென்பொருள்களோடு இலவசமாகவே வருகிறது. அமெரிக்காவில் 1950களின் கடைசியில் தொடங்கி, 1963இல் 'பிளட்' ஆய்விதழில் வெளியான ஒரு மருந்துச் சோதனையின் பதிவு அது. இருபது வயதுக்கு உட்பட்ட, தீவிர ரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து நோயை அடக்கிவிட முடிந்தது. ஆனால் அது சில வாரங்களில் திரும்பி வந்தது. அடங்கியிருக்கும் காலத்திலேயே மெர்காப்டோபியூரின் (சுருக்கமாக 6-எம்பி) கொடுத்துவந்தால் அந்தத் திரும்பலைத் தள்ளிப்போட முடியுமா என்று எமில் ஃப்ரைரைக்கும் அவரது கூட்டாளிகளும் கேட்டார்கள். நோயாளிகளை இருவர் இருவராக இணைத்து, ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு வெற்று மாத்திரையும் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள்.

மேலே உள்ளவை மருந்து பெற்ற 21 பேரின் வாரங்கள். வெற்று மாத்திரை பெற்ற 21 பேருடையவை இவை: 1, 1, 2, 2, 3, 4, 4, 5, 5, 8, 8, 8, 8, 11, 11, 12, 12, 15, 17, 22, 23.

இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் அந்தக் கூட்டல் குறியில் இருக்கிறது. '6' என்றால் ஆறாவது வாரம் நோய் திரும்பிவிட்டது. '6+' என்றால் ஆறு வாரம்வரை திரும்பவில்லை, அதற்குமேல் நமக்குத் தெரியாது. சோதனை முடிந்த நாளில் அவர் நலமாகவே இருந்தார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதைச் சென்சார் ஆன தரவு என்பார்கள். நமக்குச் சென்சார் என்றதும் திரைப்படத்தில் கத்திரி விழுவதுதான் ஞாபகம் வரும். இங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் அரங்கைவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

இந்தக் கூட்டல் குறிகளை என்ன செய்வது? குறியைக் கண்டுகொள்ளாமல் எல்லா எண்களையும் கூட்டினால் மருந்துக் குழுவுக்கு 359 வாரம். 21ஆல் வகுத்தால் சராசரி 17.1. இது உண்மையைக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் 35+ என்பவரின் நோய் 35ஆம் வாரமே திரும்பிவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. மாறாக, குறி உள்ளவர்களை 'முழு விவரம் இல்லை' என்று நீக்கிவிட்டால் ஒன்பது பேர்தான் மிஞ்சுவார்கள். அவர்களின் சராசரி 12.1. இது இன்னும் மோசம். யாருக்கு மருந்து நன்றாக வேலை செய்ததோ அவர்களையே பட்டியலிலிருந்து துரத்திவிட்டு மருந்தை எடைபோடுகிறோம். முதுகலை ஆய்வேடுகளில் இன்றும் இந்த இரண்டாவது தவறைப் பார்க்கிறேன். 'முழுமையற்ற பதிவுகள் நீக்கப்பட்டன' என்று அடிக்குறிப்பில் ஒரு வரி, அதுவும் ஏதோ ஒழுக்கமான காரியம் செய்துவிட்ட தொனியில்.

கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் இதன் விடை பாதி தெரியும். மகேந்திர சிங் தோனி ஒருநாள் போட்டிகளில் 297 முறை மட்டையுடன் இறங்கி 10,773 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 36 அல்ல, 50.57. ஏனென்றால் 84 முறை அவர் ஆட்டமிழக்கவில்லை. அந்த ஆட்டங்களின் ஓட்டங்கள் மேலே சேரும். வகுப்பதோ ஆட்டமிழந்த 213 முறையால் மட்டும். அதே வழியில் மருந்துக் குழுவின் 359 வாரங்களை நோய் திரும்பிய 9 பேரால் வகுத்தால் ஏறத்தாழ 40 வாரம் வருகிறது. மற்றக் குழுவில் 182 வாரம், 21 பேர், 8.7 வாரம். பேட்டிங் சராசரி என்பது ஒரு நேர்மையான உயிர்வாழ்வு மதிப்பீடு. அதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஆட்டமிழக்கும் அபாயம் முதல் ஓட்டத்திலும் தொண்ணூறாவது ஓட்டத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மட்டையாளருக்கே அது பொருந்தாதபோது ரத்தப் புற்றுநோய்க்கு எப்படிப் பொருந்தும்?

அந்த நிபந்தனை இல்லாமல் கணக்கிடும் வழியை 1958இல் எட்வர்ட் கேப்லனும் பால் மேயரும் கொடுத்தார்கள். மேயர் மருத்துவத் தரவுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கேப்லன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தார், அவரது கவலை கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்திய வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் தாங்கும் என்பது. தனித்தனியாக எழுதியவர்களை ஆய்விதழ் ஒரே கட்டுரையாக எழுதச் செய்தது. அது அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது. நோய் திரும்பாமல் இருப்பவர்களின் பங்கைக் காட்டி, படிக்கட்டுபோல் இறங்கும் அவர்களின் கோட்டை மருத்துவ இதழ் புரட்டும் எவரும் பார்த்திருப்பார்கள். மருந்துக் குழுவுக்கு அது 23 வாரத்தில் பாதிக்குக் கீழே இறங்குகிறது, வெற்று மாத்திரைக் குழுவுக்கு 8 வாரத்திலேயே.

ஆனால் இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று காட்டுவது சோதனை ஆகாது. 42 பேரைச் சும்மா சீட்டு எடுத்து இரண்டாகப் பிரித்தாலும் இரு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியாது. எனவே கேள்வியை இப்படித் திருப்ப வேண்டும்: மருந்தால் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொள்வோம் (இதுதான் இன்மை எடுகோள்). அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய இடைவெளி வெறும் குலுக்கலால் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?

நேதன் மான்டெல் 1966இல் சொன்ன வழியை மென்பொருள் இல்லாமல் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அதன் எளிமை பிடிபடும். நோய் திரும்பிய ஒவ்வொரு வாரத்திலும் நின்று, யார் இன்னும் களத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ண வேண்டும். முதல் வாரம்: இருபுறமும் 21, 21. இருவருக்கு நோய் திரும்பியது. மருந்தால் பலனில்லை என்றால் பக்கத்துக்கு ஒருவர் என்று எதிர்பார்ப்போம். நடந்ததோ, இருவருமே வெற்று மாத்திரைக்காரர்கள். இரண்டாம் வாரம்: களத்தில் 21, 19. மீண்டும் இருவர். மருந்துப் பக்கம் எதிர்பார்த்தது 40இல் 21 பங்கு வீதம் 1.05, நடந்தது சுழியம். மூன்றாம் வாரம் 21, 17, ஒருவர். எதிர்பார்த்தது 0.55, நடந்தது சுழியம். இப்படியே ஐந்தாம் வாரம்வரை வந்தால் மருந்துப் பக்கம் ஏறத்தாழ ஐந்து பேருக்கு நோய் திரும்பியிருக்க வேண்டும். ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆறாம் வாரம் காற்று திசை மாறுகிறது: களத்தில் 21, 12. மூன்று பேருக்குத் திரும்பியது, மூவரும் மருந்துக் குழு. எதிர்பார்த்தது 1.9.

அந்த வாரத்தில்தான் 6+ என்ற நோயாளியும் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார். அவரை என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறாம் வாரம்வரை எல்லா வரிகளிலும் அவர் களத்தில் நிற்பவராக எண்ணப்பட்டார், ஏழாம் வாரத்தில் எண்ணப்படவில்லை. தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இப்படி 17 வரிகள். கூட்டிப் பார்த்தால் மருந்துக் குழுவில் எதிர்பார்த்தது 19.25, நடந்தது 9. மற்றதில் எதிர்பார்த்தது 10.75, நடந்தது 21. வித்தியாசத்தை வர்க்கமாக்கி அதன் மாறுபாட்டால் வகுத்தால் 16.79. குலுக்கலால் மட்டும் இப்படி ஒரு மதிப்பு வர, ஒரு லட்சத்தில் நான்கு வாய்ப்பு (இந்த வாய்ப்பைத்தான் பி-மதிப்பு என்பார்கள்). 1972இல் ரிச்சர்ட் பீட்டோவும் ஜூலியன் பீட்டோவும் இதற்கு லாக்-ராங்க் சோதனை என்று பெயரிட்டார்கள். மேலே செய்த கணக்கில் லாகரிதம் எங்கே வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். எங்கும் வரவில்லை. தரவரிசையைப் பார்க்கும் ஒரு கோணத்தில் உயிர்வாழ்வுச் சார்பின் லாகரிதம் தலைகாட்டும், அதிலிருந்து வந்த பெயர் அது.

இதே தரவைவைத்து மான்டெலுக்கு ஓராண்டு முன்பே, 1965இல், எட்மண்ட் கெஹான் வேறொரு சோதனையைச் சொல்லியிருந்தார். மருந்துக் குழுவின் ஒவ்வொருவரையும் மற்றக் குழுவின் ஒவ்வொருவரோடும் மோதவிட வேண்டும். மொத்தம் 441 மோதல்கள். மருந்துக்காரர் நிச்சயமாக அதிகக் காலம் தாங்கினால் +1, நிச்சயமாகக் குறைந்தால் -1, சொல்ல முடியாவிட்டால் சுழியம். 6+ என்பவரை 5 என்பவரோடு ஒப்பிட்டால் வெற்றி நிச்சயம், 8 என்பவரோடு ஒப்பிட்டால் யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் கூட்டினால் 271.

மான்டெலின் அட்டவணைக்குத் திரும்புவோம். ஒவ்வொரு வரியிலும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த வாரம் களத்தில் இருந்தவர்களின் மொத்த எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் 42, இரண்டாம் வாரம் 42, மூன்றாம் வாரம் 21. ஆறாம் வாரம் மைனஸ் 36. கடைசி வரியில் வந்து நிற்பது அதே 271. இரண்டு பேர் இரண்டு வழியில் போய் ஒரே வீட்டுக் கதவைத் தட்டியதுபோல. முதன்முறை இதைக் கையால் போட்டுப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கூட்டல் பிழை என்றே நினைத்து இரண்டாம் முறை போட்டேன்.

நான் சொல்லவந்தது இங்கேதான் தொடங்குகிறது. கெஹானுடையதும் மான்டெலுடையதும் வேறுவேறு சோதனைகள் என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயம் எழுதும். உண்மையில் இரண்டும் ஒரே பேரேடு, வரிகளுக்குத் தரும் எடைதான் வேறு. லாக்-ராங்க் எல்லா வாரத்துக்கும் சம எடை தருகிறது. கெஹான், களத்தில் ஆள் அதிகம் இருந்த தொடக்க வாரங்களுக்கு அதிக எடை தருகிறார். தரோன், வேர் இருவரும் 1977இல் இரண்டுக்கும் நடுவே ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடையாக வைத்தார்கள். ஃபிளெமிங்கும் ஹாரிங்டனும் எடையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்க ஒரு திருகாணியே பொருத்திக் கொடுத்தார்கள். நம் தரவில் கெஹான் சோதனை தரும் மதிப்பு 13.46. லாக்-ராங்கைவிடக் குறைவு, ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. இடைவெளி அவ்வளவு பெரிது. எப்போதும் அப்படி அமையாது. பி-மதிப்பை ஒரு சோதனை 0.03 என்றும் இன்னொன்று 0.09 என்றும் சொல்லும் தரவுகள் ஏராளம். அப்போது 'எது சரியான சோதனை' என்று புள்ளியியலாளரிடம் ஓடி வருகிறார்கள். அது கணிதக் கேள்வியே அல்ல. முதல் மூன்று மாதத்தில் கிடைக்கும் நன்மை பெரிதா, மூன்றாம் ஆண்டில் கிடைப்பது பெரிதா என்பது மருத்துவரும் நோயாளியும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம். பார்த்தபின் எடையைத் தேர்ந்தெடுப்பது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவது.

கெஹானின் எடையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. களத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நோயை மட்டும் பொறுத்ததல்ல, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதையும் பொறுத்தது. ஊர் மாறிப்போனவர்கள் கூடினால் எடையே மாறிவிடும். அதனால் ஆள் எண்ணிக்கைக்குப் பதில் உயிர்வாழ்வு மதிப்பீட்டையே எடையாக வைக்கும் வடிவத்தைத்தான் நான் விரும்புகிறேன்.

1972இல் டேவிட் காக்ஸ் கொண்டுவந்த மாதிரி இந்தப் பேரேட்டை ஒரு சமன்பாடாக்கியது. எந்த நேரத்திலும் ஒரு குழுவின் அபாயம் மற்றதன் அபாயத்தின் ஒரு மாறாத மடங்கு என்று எடுத்துக்கொண்டால், அந்த மடங்கை (அபாய விகிதத்தை) அளக்கலாம். ஒரே நேரத்தில் இருவர் விழாதவரை, அந்த மாதிரியின் ஸ்கோர் சோதனை அப்படியே லாக்-ராங்க்தான். ஸ்கோர் சோதனை என்ற கருவியை 1948இல் தந்தவர் சி.ஆர். ராவ். புற்றுநோய்ச் சோதனைகளின் அன்றாடக் கருவிக்குள் அவர் இப்படிப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

'மாறாத மடங்கு' என்ற அந்த அனுமானம் உடையும்போது என்ன ஆகும் என்பதற்கு 2009இல் வெளியான ஐபாஸ் சோதனையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கிழக்காசியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 1,217 பேர். ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, மறுபாதிக்கு வழக்கமான கீமோதெரபி. நோய் முற்றாமல் கழிந்த காலத்தின் இடைநிலை 5.7 மாதம், 5.8 மாதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஓராண்டு முடிவில் நோய் முற்றாதிருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 24.9 சதவீதம், கீமோ குழுவில் 6.7. முதல் ஆறு மாதம் வாக்கில் கீமோவின் கோடு மேலே இருந்தது, பிறகு இரண்டும் வெட்டிக்கொண்டு இடம் மாறின. ஒட்டுமொத்த அபாய விகிதம் 0.74, பி-மதிப்பு 0.001க்கும் கீழே. அந்த 0.74 யாருடைய எண்? யாருடையதும் அல்ல. இஜிஎஃப்ஆர் மரபணுவில் திரிபு உள்ளவர்களைத் தனியே எடுத்தால் விகிதம் 0.48, மாத்திரை அவர்களுக்கு வரம். திரிபு இல்லாதவர்களுக்கு 2.85, அவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பது கேடு. இரு வேறு கூட்டங்களை ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சராசரிப் பசியை அளந்திருக்கிறார்கள். கோடுகள் வெட்டிக்கொண்டதே அதற்கான தடயம். லாக்-ராங்கில் முன்பகுதியின் மைனஸ் பின்பகுதியின் பிளஸ்ஸைத் தின்னும். மிச்சம் இருப்பதை மட்டுமே பி-மதிப்பு பேசும். இங்கே மிச்சம் பெரிதாக இருந்தது. சிறிய சோதனையாக இருந்தால் ஒன்றையொன்று தின்று தீர்த்து, 'வேறுபாடு இல்லை' என்ற வரியோடு கோப்பு மூடப்பட்டிருக்கும்.

அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பி-மதிப்பு 0.05க்கு மேல் இருந்தால் வேறுபாடு இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக எழுதுபவர்கள், எத்தனை நோயாளிகள் என்பதைப் பார்க்கிறார்கள், எத்தனை நிகழ்வுகள் என்பதைப் பார்ப்பதில்லை. லாக்-ராங்க் சோதனையின் கண்பார்வை நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை, விழுந்தவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஷோன்ஃபெல்டு தந்த வாய்பாட்டின்படி, அபாயத்தைப் பாதியாக்கும் மருந்தை 80 சதவீத உறுதியோடு பிடிக்க 66 நிகழ்வுகள் போதும். கால்பங்கு குறைக்கும் மருந்துக்கு 379 வேண்டும். ஆயிரம் பேரைச் சேர்த்து ஓராண்டில் நாற்பது மரணங்கள் மட்டும் பதிவான சோதனை, ஆயிரம் பேர் சோதனை அல்ல. அது நாற்பது பேர் சோதனை.

6-எம்பி சோதனைக்கு இன்னொரு முகமும் உண்டு, பாடநூல்கள் அதை வசதியாக மறந்துவிடுகின்றன. அது 21 இணைகளோடு நின்றது யாரும் முன்கூட்டி எழுதிவைத்த எண்ணால் அல்ல. ஒவ்வோர் இணையிலும் யார் முந்தினார்கள் என்று தொடர்ந்து குறித்து வந்தார்கள். 18 இணைகளில் மருந்து, 3இல் வெற்று மாத்திரை என்று ஆனபோது நிறுத்திவிட்டார்கள். நாம் போட்ட லாக்-ராங்க் அந்த இணைகளையும் பார்க்கவில்லை, இப்படி இடைவிடாமல் எட்டிப்பார்த்ததையும் கணக்கில் கொள்ளவில்லை. எட்டிப்பார்ப்பதற்கு விலை உண்டு. 5 சதவீத அளவுகோலை வைத்துக்கொண்டு ஐந்து முறை பார்த்தால், பயனற்ற மருந்தைப் பயனுள்ளது என்று சொல்லிவிடும் வாய்ப்பு 14 சதவீதமாகிறது, பத்து முறை பார்த்தால் 19. 1979இல் ஓப்ரையனும் ஃபிளெமிங்கும் தந்த தீர்வு கெட்டிக்காரத்தனமானது: தொடக்கப் பார்வைகளில் வாசலை மிக உயரமாக வை, போகப்போகத் தாழ்த்து. ஐந்து பார்வைத் திட்டத்தில் கடைசிப் பார்வைக்கு 0.041 மிஞ்சும். இழப்பு சொற்பம். அதற்குக் கிடைப்பது, வெற்று மாத்திரை சாப்பிடும் குழந்தைகளைத் தேவைக்குமேல் ஒரு வாரம்கூடக் காக்கவைக்காமல் நிறுத்தும் உரிமை. ஃப்ரைரைக் குழு வேறொரு நியாயத்தையும் செய்தது: வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் திரும்பியதும் 6-எம்பி கொடுத்தார்கள். அதனால் மொத்த உயிர்வாழ்வில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இறப்புவரை எண்ணியிருந்தால் இந்த மருந்து தோற்றிருக்கும். நோய் திரும்பும்வரை எண்ணியதால் வென்றது.

எங்கே எண்ணி முடிப்பது என்பதுபோலவே எங்கே எண்ணத் தொடங்குவது என்பதும் ஆளை விழுங்கும். ஆஸ்கர் வென்ற நடிகர்கள், வெல்லாத சக நடிகர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் 70 வயதில் ஆஸ்கர் வாங்கியவர், வாங்குவதற்காகவே 70 வயதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் வெற்றியாளராகச் சாகவே முடியாது. அந்தச் சாகா ஆண்டுகளை வெற்றிக்கு முந்தைய கணக்கில் முறையாக எழுதி 2006இல் வேறொரு குழு மறுபடி கணக்கிட்டபோது, நன்மை ஏறத்தாழ ஓராண்டாகச் சுருங்கியது, அதுவும் குலுக்கலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவில். ஒவ்வொரு வரியிலும் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைச் சரியாக எண்ணாததன் விலை அது.

6-எம்பி அட்டவணையின் பதினேழாவது வரியைப் பார்த்துவிட்டு முடிக்கிறேன். 23ஆம் வாரம். களத்தில் மருந்துக் குழுவில் ஆறு பேர், மறுபக்கம் ஒரே ஒருவர். அந்த வாரம் இருபுறமும் ஆளுக்கு ஒருவர் விழுகிறார்கள். வெற்று மாத்திரைக் குழு காலி. ஒப்பிட ஆளில்லாததால் அட்டவணையும் அங்கேயே நின்றுவிடுகிறது. மறுபக்கம் ஐந்து பேர் இன்னும் நிற்கிறார்கள்: 25+, 32+, 32+, 34+, 35+. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த ஒரு வாரத்தைக்கூடச் சோதனை பார்ப்பதில்லை. ஆனால் முதல் வாரத்தின் 21இலிருந்து கடைசி வாரத்தின் 6 வரை, மருந்துப் பக்கம் எழுதிய ஒவ்வோர் எண்ணிலும் அந்த ஐந்து பேரும் இருக்கிறார்கள்.